நாத்தனார் இழுத்து வந்த படகு

1

இந்தக் கதை என் அக்கா கொடுத்தது. தையற்காரி அவள். போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்: "எழுதறதா இருந்தா எங்க நாத்தனாரை நல்லவளா எழுதணும். இல்லேன்னா எழுதவே வேணாம்."

சிக்கல் அங்கேயே தொடங்கிவிட்டது. 'நாத்தனார்' என்று எழுதியதுமே என் பேனா முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கதைகளில் அவளுக்கு நாம் கொடுத்து வைத்திருக்கும் வேலை அப்படி.

2

தொடக்கம்: காட்டுக்கு நடுவே அந்த ஏரி கண்ணாடியைப் போல—

(வேண்டாம். ஏரியைக் கண்ணாடி என்று சொல்லாத ஆளே கிடையாது.)

மறுபடியும்: கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு போன இடத்தில், அக்காவும் நாத்தனாரும் ஒரே படகில் மீன்பிடிக்கப் போனார்கள். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

இது போதும்.

3

நாத்தனார் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். படகிலும் அதே அதட்டல்தான். "அண்ணி, லைஃப் ஜாக்கெட் வாரை இறுக்குங்க. எழுந்திருக்காதீங்க."

அக்காவுக்கு நீச்சல் தெரியாது. ரோஷம் மட்டும் நன்றாகத் தெரியும். தூண்டிலை ஏதோ வெடுக்கென்று இழுக்க, துள்ளி எழுந்துவிட்டாள். படகு சாய்ந்தது. துடுப்பு இரண்டும் நழுவித் தண்ணீரோடு போயின.

காற்று பிடித்துக்கொண்டது. ஏரி ஆறாக மாறிப் பாறைகளில் விழும் முனைப் பக்கம் படகு நகர்ந்தது. இரைச்சல் காதில் விழ ஆரம்பித்தது.

நாத்தனார் நங்கூரத்தைப் போட்டுப் பார்த்தாள், அடியில் பிடிக்கவில்லை. அதை மேலே இழுத்து, கயிற்றின் அந்த நுனியை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்துவிட்டாள். பக்கத்திலிருந்த பாறைத் திட்டை நோக்கி நீந்தினாள். அக்கா, மீன் பெட்டியின் மூடியால் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தண்ணீரைத் தள்ளினாள்.

"முடியலேன்னா கயித்தை அவுத்துட்டுப் போயிடு!"

"வாயை மூடிட்டுத் தள்ளுங்க அண்ணி!"

படகை இழுத்துச் சேர்த்து இருவரும் திட்டில் ஏறியபோது நாத்தனாரின் உதடு நீலம் பாரித்திருந்தது. அக்கா தன் துப்பட்டாவால் அவளைப் போர்த்தி, பாதங்களை மடியில் வைத்துத் தேய்த்தாள். பிறகு வேறொரு படகு வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டது.

4

நேற்று நாத்தனாரே கூப்பிட்டாள். "எழுத்தாளரே, நான் குதிச்சதெல்லாம் போடாதீங்க. எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா இனி ஏரிப் பக்கமே விடமாட்டாங்க. காத்து திரும்பிச்சு, கரை சேர்ந்தோம்னு எழுதுங்க."

"ஏன் குதிச்சீங்க?"

"அண்ணி கை நடுங்கிச்சு. ஊசியில நூல் கோக்கும்போதுகூட நடுங்காத கைங்க அது."

(இத்தனை வருஷம் அக்காவின் கையை இவள் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறாள். இனி இவளை எப்படி வில்லியாக்குவது?)

5

முடிவு அ: காற்று திரும்பியது. படித்துக் காட்டினேன். அக்கா கொதித்துப்போனாள். "காத்துக்கு நான் எப்படிடா நன்றி சொல்றது?"

முடிவு ஆ: இருவரும் கட்டிப்பிடித்து அழுது—

(அழவில்லையாம். விசாரித்துவிட்டேன்.)

முடிவு இ: பாதத்தைத் தேய்த்துக்கொண்டே அக்கா அவளிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள். என்னவென்று இருவரிடமும் கேட்டுப் பார்த்தேன். வாயே திறக்கவில்லை. அந்த வரியை நானாக இட்டுக்கட்ட மனம் வரவில்லை, காலியாகவே விடுகிறேன். உங்களையும் யாராவது ஒரு நாள் கரை சேர்த்திருப்பார்கள். அவர்களிடம் சொல்ல நினைத்ததை இங்கே வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்: