ஆவுடையின் குரலும் கடைசி அப்டேட்டும்

எங்கள் வீடு கணினி விளையாட்டாக விற்பனைக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பாளையங்கோட்டையில் இருந்த வீட்டை அப்படியே வைத்திருக்கிறார்கள். தெருவை மட்டும் வைக்கவில்லை. வாசலுக்கு வெளியே சாம்பல் நிறம்.

விளையாடுகிறவர்கள் வாசல் வழியாக வருவார்கள். சிலருக்கு முயல் தலை இருக்கும். நான் கூடத்தில் நிமிர்ந்து நின்று, "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்பேன். அவர்கள் பதில் சொல்லாமல் எங்கள் பானைகளை உடைத்துப் பார்ப்பார்கள். உள்ளே எதுவும் இருக்காது. என் அப்பாவும் இதே கூடத்தில் நின்றுதான் ஆட்களை வரவேற்றார். அவர் காலத்தில் யாரும் பானையை உடைத்ததில்லை.

அவர்கள் போனதும் என் மனைவி ஆவுடையம்மாள் அடுக்களையிலிருந்து வருவாள். "இன்னும் என்னத்துக்கு நிக்கிய? உக்காருங்க" என்பாள். அந்தச் சொல் காதில் விழுந்தால்தான் என் முழங்கால் மடியும். என்னை அப்படித்தான் செய்திருந்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

விளையாட்டைச் செய்த கம்பெனி எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறது. நடைவழியாகப் போக வேண்டும். புதன்கிழமைதோறும் அங்கிருந்து அப்டேட் வரும். வீடு ஒருமுறை கண்ணை மூடித் திறக்கும். ஏதாவது ஒன்று சரியாகியிருக்கும்.

தொடக்கத்தில் நன்றாகவே கவனித்தார்கள். மச்சுப் படி வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை மச்சுக்குத் திருப்பினார்கள். என் மைத்துனன் சங்கரலிங்கம் இடுப்பு வரை தரையில் புதைந்திருந்தான். அவனை வெளியே எடுத்தார்கள். அடுத்த மாதம் அவனைத் தனியாக விற்றார்கள். அவனுக்கென்று பணம் கட்டியவர்கள் வந்தால் மட்டும் அவன் தெரிவான். எங்கள் குடும்பத்தில் யாரும் அதுவரை தனியாக விற்கப்பட்டதில்லை. ஆனால் அவன் பெண் கொடுத்த வீட்டுக்காரன்.

தீபாவளிக்கு முந்தைய புதன்கிழமை கூடத்தில் புது விளக்குகள் வந்தன. ஆவுடையின் குரல் போய்விட்டது.

முயல் தலைக்காரர்கள் போனார்கள். அவள் வந்தாள். உதடு அசைந்தது. என் முழங்கால் மடியவில்லை. மறுபடியும் சொன்னாள். பிறகு தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, பின்கட்டைக் கை காட்டினாள்.

பணம் கட்டிய ஒருவர் வந்தபோது சங்கரலிங்கம் தெரிந்தான்.

"அத்தான், அக்காளுக்குச் சத்தம் வரலைன்னு அங்கன போய்ச் சொல்லுங்களேன்."

"நம்ம வீட்டுக் குறையை வெளியாள்கிட்ட போய்ச் சொல்லவா?"

"வெளியாளா? நம்மளைச் செஞ்சவங்கல்லா?"

"செஞ்சுட்டா சம்பந்தியாயிருவானோ?"

பணம் கட்டியவர் வெளியே போனார். சங்கரலிங்கம் மறைந்தான்.

ஆனாலும் போனேன். நடைவழி வழக்கத்தைவிட நீண்டிருந்தது. அறை நிறைய ஆட்கள் திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகார் கேட்கும் பெண்ணின் பெயர் ஜெசிந்தா.

"வாங்க ஐயா. உக்காருங்க."

"நின்னே பழகிட்டேன்."

"என்ன குறைன்னு சொல்லுங்க. சொன்னாத்தான் சரிபண்ண முடியும்."

சொல்ல வேண்டியது என் வாயில் தயாராக இருந்தது. அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க குடும்பத்துல குறைன்னு எதுவும் கிடையாது."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"சும்மா எட்டிப் பார்த்துட்டுப் போகலாம்னு."

"ரொம்ப சந்தோஷம்" என்று அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள்.

அடுத்த அப்டேட்டில் பானைகள் இன்னும் அழகாக உடைந்தன.

நான் நின்றபடியே தூங்கினேன். ஆவுடை தினமும் வந்து உதட்டை அசைத்தாள். என் தோளைப் பிடித்துக் கீழே அழுத்தியும் பார்த்தாள். தூணை அழுத்துவது போல இருந்திருக்கும். வருகிறவர்கள் குறைந்தார்கள். ஒருவர் சுவரில் எழுதிவிட்டுப் போனார்: "பெரியவர் செம கெத்து." படித்தபோது முதுகு இன்னும் நேரானது.

மறுபடியும் பின்கட்டுக்குப் போனேன். நடைவழியில் பொழுது விடிந்தது. சற்றுத் தூரத்தில் மறுபடியும் விடிந்தது. இடையில் இருட்டவில்லை. அறையில் ஜெசிந்தா மட்டும் பைக்குள் தன் டம்ளரை வைத்துக்கொண்டிருந்தாள்.

"மத்தவங்க எங்கே?"

"அடுத்த கேமுக்குப் போயிட்டாங்க ஐயா. அதுல வீடே கிடையாது. முழுக்கக் கடல்."

"இங்கே யாரு பார்ப்பா?"

"இந்தப் புதன்கிழமை கடைசி அப்டேட். அதுக்கப்புறம் எதையும் தொட மாட்டோம். எது எப்படி இருக்கோ அப்படியே நிக்கும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க ஐயா. ப்ளீஸ்."

அவள் காத்திருந்தாள். நல்ல பெண். ஆனால் வெளியாள்.

"குறையில்லை. வீடு கொஞ்சம் அமைதியா இருக்கு. அவ்வளவுதான்."

"அமைதி பிடிச்சிருக்கா ஐயா?"

கெஞ்சுவதற்கும் தலையாட்டுவதற்கும் நடுவில் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. தலையாட்டினேன்.

"அப்ப அதையே எல்லாருக்கும் வச்சிடறேன்."

புதன்கிழமை வீடு கண்ணை மூடித் திறந்தது. பணம் கட்டிய ஒருவர் பானையை உடைத்தார். சத்தமில்லை. சங்கரலிங்கம் தோன்றி என்னைப் பார்த்து வாயைத் திறந்தான். கேட்காவிட்டாலும் அது வசவு என்று தெரிந்தது. "யாரைப் பார்க்கணும்?" என்றேன். என் காதுக்கே கேட்கவில்லை.

நடைவழியில் ஓடினேன். எங்கள் குடும்பத்தில் யாரும் ஓடியதில்லை. கம்பெனி அறையில் மேசைகள்கூட இல்லை. சுவரைப் பார்த்துக் கைகூப்பிச் சொன்னேன். என் மனைவிக்குக் குரல் இல்லை. எங்கள் வீட்டில் குறை இருக்கிறது. சரிசெய்து கொடுங்கள். வாய் மட்டும் அசைந்தது. குனிந்து கெஞ்சலாம் என்று பார்த்தேன். எனக்குக் குனியும் அசைவை அவர்கள் வைக்கவே இல்லை.

கூடத்துக்குத் திரும்பினேன்.

இப்போது யாரும் வருவதில்லை. ஆட்கள் வந்துபோனால் மட்டும் வர வேண்டிய ஆவுடை, யாரும் வராமலே வருகிறாள். என் எதிரில் நின்று அதையே சொல்கிறாள். உதட்டில் ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரிகிறது.

தெரிந்தால் போதாது. காதில் விழ வேண்டும்.

தீபாவளி விளக்குகள் அணைவதில்லை. நான் நிமிர்ந்து நிற்கிறேன்.