மச்சான் வண்டியின் கண்ணாடி

பந்தயத் தடத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்ட வருகிறவர்களின் வண்டியில் கண்ணாடி இருக்கக் கூடாது. காலையில் வந்து இறங்கியதும் முதல் வேலை, ஸ்பேனரை எடுத்து இரண்டு பக்கமும் கழற்றி வைப்பதுதான். பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவன் முன்னால் எதிலாவது போய் முட்டுவான் என்று அங்கே எல்லோரும் நம்புகிறார்கள். விலக்கு ஒருவருக்கு மட்டும். புதிதாக ஓட்டுகிறவர்களை வால் போலப் பின்னால் சேர்த்துக்கொண்டு முன்னால் போகும் வழிகாட்டிக்கு. கையில் பச்சைப் பட்டை கட்டிய குழுவுக்கு அன்றைக்கு வழிகாட்டி அவனுடைய மச்சான்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். மனைவி இல்லை. மச்சான் இருக்கிறார்.

அவள் போய் ஏழு மாதம். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் நான்காம் நாள் வெள்ளைத் துணியில் திரும்பி வந்தாள். அவன் அழவில்லை. அவன் செய்த குற்றம் அது ஒன்றுதான். அழுது தொலைத்திருந்தால் நாலு பேர் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். அவனோ வேளைக்குச் சாப்பிட்டான், குளித்தான், இரண்டாவது வாரமே வேலைக்குப் போனான். அதைப் பார்த்துத்தான் மாமனார் வீட்டில் பயந்துபோனார்கள். மாடியில் தனிக்குடித்தனம் இருந்தவனைக் கீழே கொண்டுவந்து நடு அறையில் வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் ஒவ்வொன்றாக நடந்தது. குளியலறைத் தாழ்ப்பாள் காணாமல் போனது. துரு பிடித்துவிட்டது, புதுசு வாங்கி மாட்டுகிறேன் என்றார் மச்சான். ஆறு மாதமாகியும் வாங்கவில்லை. ஷேவிங் பிளேடு போய், கரண்டில் ஓடும் டிரிம்மர் வந்தது. பால்கனியில் தரையிலிருந்து கூரை வரை கம்பி அடித்தார்கள். புறாத் தொல்லை என்றார் மாமா. அந்தத் தெருவில் அவன் புறாவையே பார்த்ததில்லை. குளிக்கப் போய்ப் பத்து நிமிடமானால் அத்தை கதவைத் தட்டி, "வெந்நீர் போதுமா மாப்பிள்ளை?" என்பார். போதும் என்று சொல்லும்வரை நகர மாட்டார். ஆபீஸில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு போன். சாயங்காலம் நடக்கப் போனால் மாமா பத்தடி தள்ளிப் பின்னால் வருவார். திரும்பிப் பார்த்தால் குனிந்து செருப்பைச் சரிசெய்வார்.

யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், "இல்லை, அந்த எண்ணம் எதுவும் இல்லை" என்று சொல்லியிருப்பான். கேட்காத கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது?

குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் அவனுக்கு வேலை. பாட்டில் பாட்டிலாக வரும் தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். இதே வேலை ஏழு மணி நேரப் பயணத்தில் இருந்த இன்னோர் ஊரிலும் காலியாக இருந்தது. யாருக்கும் தெரியாமல் எழுதிப் போட்டான். கிடைத்துவிட்டது. அன்று மாலை ஐந்து மணிக்குள் சம்மதம் என்று ஒரு வரி அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு முன்னால் வீட்டில் சொல்ல வேண்டும். வீட்டில் சொல்ல வேண்டுமானால் முதலில் மச்சானிடம் சொல்ல வேண்டும். மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்தான், மனசுக்குள்.

காலையில் வேனில் வரும்போது சொல்லலாம் என்றிருந்தான். மச்சான் வழி முழுக்கச் சங்கிலிக்கு எண்ணெய் போடுவதைப் பற்றிப் பேசினார். இது மூன்றாவது மாதம். மாதம் ஒரு நாள் தன் மெக்கானிக் ஷெட்டைப் பூட்டிவிட்டு அவனை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். "தடத்துல ஏறிட்டா வேற எதுவும் மண்டைக்குள்ள ஏறாது மாப்ள," என்பார்.

ஏறத்தான் செய்தது. கழுத்து வரை இழுத்து மூடிய தோல் உடை, அதற்குமேல் ஹெல்மெட். உள்ளே அவனுடைய மூச்சு அவனுக்கே கேட்டது. முன்னால் மச்சானின் முதுகு, பின்னால் ஆறு வண்டி. முந்தக் கூடாது, ஒதுங்கக் கூடாது, மச்சான் சக்கரம் போன கோட்டிலேயே போக வேண்டும். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை வழிகாட்டி இடது கையால் தன் சீட்டின் பின்பக்கத்தைத் தட்டுவார். அவருக்கு அடுத்து இருப்பவன் கையைத் தூக்கிவிட்டு ஓரமாக விலகி வாலுக்குப் போய்விட வேண்டும். அடுத்தவன் முன்னால் வருவான். வழிகாட்டிக்கு நேர் பின்னால் ஓட்டினால்தான் வித்தை பிடிபடும். அதனால் எல்லோருக்கும் முறை வர வேண்டும். அது அங்கத்து ஒழுங்கு.

காலையில் மூன்று தடவை போனார்கள், தடவைக்கு இருபது நிமிடம். மச்சான் ஒரு தடவைகூடச் சீட்டைத் தட்டவில்லை. அவனும் இடம் மாறவில்லை. ஒவ்வொரு நேர்பாதையிலும் மச்சானின் இடது கண்ணாடியில் இரண்டு கண்கள் தெரிந்தன. தெருவில் பத்தடி தள்ளி இருந்தது இங்கே நாலடியாகிவிட்டது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பல் டாக்டர் வந்துவிட்டார். அவனுக்கு அடுத்து ஓட்டியவர். உடம்பில் புத்தம்புது தோல் உடை, விலை அட்டை மட்டும்தான் பாக்கி.

"அண்ணே, ஒரு சந்தேகம். சீட்டைத் தட்டறது இந்த மாசம் கிடையாதா?"

"கவனிக்கலைங்க. மதியம் பாத்துக்கலாம்," என்றார் மச்சான், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"கவனிக்கலையா. காலைலேர்ந்து நான் இவரு முதுகத்தான் கவனிச்சுட்டு இருக்கேன். ஒரு முதுகுக்குப் பின்னாடியே ஓட்டணும்னா எங்க தெரு ரவுண்டானா போதுமே. எதுக்கு இவ்வளவு தூரம்?" அவன் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"தங்கச்சி வீட்டுக்காரர்," என்றார் மச்சான்.

"அதானே பாத்தேன். சொந்தக்காரங்க சீட்டு."

பல் டாக்டர் போன பிறகு அவன் ஆரம்பித்தான். "மச்சான், ஒரு விஷயம்."

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன். வந்து, எனக்கு..."

"இன்னொரு பாட்டில் குடி. மதிய வெயில் ஆள உருக்கிரும்." எழுந்து போய் அவரே எடுத்துவந்து மூடியைத் திருகிக் கொடுத்தார். அவன் குடித்து முடிப்பதற்குள் மணி அடித்தது. வண்டிகள் நிறுத்தும் இடம் தடத்தின் வளையத்துக்கு உள்ளே இருந்தது. வெளியே போக வேண்டுமானால் தடத்தைக் குறுக்கே கடந்தாக வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் திறந்த கேட்டை ஒன்றரைக்குச் சாத்தினால் ஐந்து மணிக்குத்தான் திறப்பார்கள். அதுவரை உள்ளே இருப்பவன் உள்ளேதான்.

மதிய முறையில் முதல் இரண்டு சுற்று முடிந்தது. மச்சான் கை சீட்டுப் பக்கம் போகவில்லை. பின்னால் பல் டாக்டர் எஞ்சினை உறுமவிட்டு ஞாபகப்படுத்தினார். மூன்றாவது சுற்று, நாலாவது சுற்று. நேர்பாதை வந்தது. கண்ணாடியில் கண்கள் வந்தன.

அவன் எதையும் யோசிக்கவில்லை. வலது கை திருகியது. வண்டி ஒரு துள்ளு துள்ளியது. மச்சானின் முழங்கால், கண்ணாடி, முன்சக்கரம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கவாட்டில் கழன்று போயின. அப்புறம் முன்னால் தார் மட்டும் இருந்தது.

யாருடைய முதுகும் இல்லை. பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஏழு மாதத்தில் அவனை யாரும் பார்க்காத முதல் நிமிடம் அது. சந்தோஷமாக இருந்ததா என்றால், இல்லை. துக்கமும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு அறையில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. மணிக்கு நூற்று நாற்பது கிலோமீட்டரில்.

மொத்தம் ஒன்பது திருப்பங்கள். மூன்றை ஒழுங்காக எடுத்தான். நாலாவதுக்கு வேகமாக வந்துவிட்டான். கோட்டைக் காட்ட ஆளில்லாமல் கண் நேரே எதிரில் அடுக்கியிருந்த டயர்களுக்குப் போனது. கண் போன இடத்துக்கு வண்டி போகும். போனது. ஒரு நொடி அந்த டயர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இப்படியும் ஆகலாம் என்று தோன்றியது, வேறு யாருக்கோ ஆவதுபோல. அதற்குள் விரல்கள் பிரேக்கை அமுக்கிவிட்டன. தலை தானாக வலது பக்கம் திரும்பியது. வண்டி முரண்டு பிடித்துச் சாய்ந்து, மண்ணின் விளிம்பைத் தொட்டுவிட்டுத் தடத்துக்கு வந்தது. விரல்களுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அவன் சொல்லவில்லை.

கொடி மேடையில் கறுப்புக் கொடி காட்டினார்கள். பக்கத்துப் பலகையில் அவன் எண், நாற்பத்தொன்று. வெளியே வா என்று அர்த்தம். கையைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே வந்தான்.

இறங்கி ஸ்டாண்டு போடுவதற்குள் மச்சான் வண்டி வந்து நின்றது. நின்றது என்று சொல்ல முடியாது. ஸ்டாண்டு போட மறந்து அப்படியே சாய்த்துவிட்டு ஓடி வந்தார். அவன் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தார், ஆள் இருக்கிறானா என்பதுபோல. பிறகு ஹெல்மெட்மேல் ஓங்கி ஓர் அறை விட்டார். வலித்தது அவர் கைக்குத்தான்.

தடப் பொறுப்பாளர் அம்மா அட்டையும் கத்தரிக்கோலுமாக வந்தார். முதலில் அவன் கையை நீட்டச் சொல்லிப் பச்சைப் பட்டையை வெட்டினார். அவனை ஒன்றும் திட்டவில்லை. மச்சானிடம்தான் திரும்பினார்.

"புதுசா ஓட்டறவரு தப்பு பண்ணா அதுல ஒரு நியாயம் இருக்கு. நீங்க பத்து வருஷமா முன்னால போறவரு. ஒருத்தர் பின்னாடி ஓடி வந்துட்டீங்க, மிச்ச ஆறு பேரு நடுத் தடத்துல யாரு பின்னாடி போவாங்க?"

மச்சான் கையை நீட்டினார். அவருடைய பட்டையும் போனது. "இந்த வருஷம் முழுக்க வேண்டாம்," என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போனார். சற்றுத் தள்ளி நின்ற பல் டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்து, மச்சான் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் வண்டியில் இல்லாத தூசியைத் துடைக்கப் போனார்.

மணி மூன்றே முக்கால். கேட் சாத்தியிருந்தது. இரண்டு பேரும் வண்டி நிறுத்தும் ஷெட்டுக்குள் டயர்மேல் உட்கார்ந்தார்கள். சுற்றிலும் மற்றவர்களின் வண்டிகள் இரைந்துகொண்டு போயின.

"சாகப் போறேன்னு நெனச்சேன்," என்றார் மச்சான்.

"சாகலை மச்சான்."

"அதான் பாக்கறேனே."

"அந்த எண்ணமே இல்லை. ஏழு மாசமா இல்லை. குளியலறைத் தாழ்ப்பாளைக் கழட்டினது யாரு?"

"துரு..."

"மச்சான்."

"நான்தான்."

"பால்கனில கம்பி?"

"அது புறா."

அவன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, அதுவும் நான்தான். அப்பா காசு, என் யோசனை."

அவன் சொன்னான். எங்கே நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாதோ என்று ஒரே மூச்சில் சொன்னான். "எனக்கு மாத்தல் வந்திருக்கு. ஏழு மணி நேரம் தள்ளி. தானா வரலை, கேட்டு வாங்கினேன். அஞ்சு மணிக்குள்ள சம்மதம்னு எழுதணும். எழுதப் போறேன்."

மச்சான் கொஞ்ச நேரம் தன் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வீட்டுல என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை. அதான்."

"நாலாவது திருப்பத்துல என்ன ஆச்சு?"

"வேகமா வந்துட்டேன். கை தானா பிரேக் புடிச்சுது."

"எனக்குப் புடிக்கலை," என்றார் மச்சான்.

அவனுக்குப் புரியவில்லை.

"மொத மாசம் நான் மட்டும் இங்க வந்தேன். அவ போய் இருபது நாள் இருக்கும். அதே திருப்பம். பிரேக் இருக்குது, கை இருக்குது, நேரமும் இருக்குது. புடிக்கலை. டயருக்கு முன்னாடி மண்ணுல புதைஞ்சு வண்டி தானா நின்னுருச்சு. ஹெல்மெட்ட கழட்டாம அரை மணி நேரம் அங்கயே உக்காந்திருந்தேன். யாருகிட்டயும் சொல்லலை." கையுறையைக் கீழே போட்டார். "எனக்கே இப்படின்னா உனக்கு எப்படி இருக்கும்னுதான் தாழ்ப்பாளைக் கழட்டினேன். அப்புறம் உன்னைக் கூட்டிட்டு வந்தேன். நீ கண்ணாடில தெரிஞ்சா கை ஒழுங்கா வேலை செய்யுது. அதான் சீட்டைத் தட்டலை. உன்னைப் பின்னாடி அனுப்பிட்டா அந்த எடத்துல பல் டாக்டர் வருவாரு. அவர வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

அவன் சிரித்திருக்கலாம். வரவில்லை. மூன்று நாளாக மனசுக்குள் பதில்களை அடுக்கி வைத்திருந்தான். கோபப்படுகிறவருக்குப் பதில் வைத்திருந்தான், கெஞ்சுகிறவருக்கும் வைத்திருந்தான். இப்போது எழுந்து போவதென்றால் மச்சானை அந்த மண்ணில் உட்காரவைத்துவிட்டுப் போக வேண்டும்.

போனை எடுத்தான். கடிதத்தைத் திறந்தான். கட்டைவிரல் எழுத்துகளுக்கு மேலே நின்றது.

"எழுது மாப்ள," என்றார் மச்சான், வேறு எங்கோ பார்த்தபடி. "என்னைப் பாத்து நிறுத்தினேன்னு அப்புறம் ஒரு பேச்சு வேண்டாம்."

சம்மதம் என்று எழுதி அனுப்பினான். போய்விட்டது. ஒன்றும் இடிந்து விழவில்லை.

அந்த நேரம் பார்த்து மச்சானின் போன் அடித்தது. அத்தை. இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. மச்சான் எடுத்து, "பக்கத்துலதான் இருக்கான், நல்லாத்தான் இருக்கான், இந்தா," என்று அவன் கையில் திணித்துவிட்டார்.

"மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன் அத்தை. அத்தை, எனக்கு வேற ஊருக்கு மாத்தல் ஆயிருக்கு. அடுத்த வாரம் போகணும். இப்பதான் சம்மதம் எழுதினேன்."

மறுமுனையில் டிவி சத்தம் குறைந்தது. ஒரு நாற்காலி இழுபட்டது. அத்தை போனைக் கையால் மூடிக்கொண்டு மாமாவிடம் ஏதோ சொன்னார். மாமா ஏதோ கேட்டார். வெகுநேரம் கழித்து அத்தை வந்தார். குரல் காரியமாக இருந்தது.

"வீடு பாத்தாச்சா?"

"இன்னும் இல்லை அத்தை."

"பாக்கறப்ப கீழ் வீடா பாருங்க. மாமாவுக்கு முட்டி வலி, மாடி ஏற மாட்டாரு. ரெண்டு ரூம் இருந்தா நல்லது."

அவன் கண்ணை மூடித் திறந்தான். "வாரியம் ஒரு ரூம் வீடுதான் குடுக்கும் அத்தை."

"அதனால என்ன? ஹால்ல படுத்துக்கறோம்," என்றார் அத்தை. "நீங்க ரூம்ல இருங்க. நாங்க தொந்தரவு பண்ண மாட்டோம்."

போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டார் மச்சான்.

"ஹால்ல படுத்துக்குவாங்களாம்."

மச்சான் யோசித்தார். "அப்ப நான் எங்க படுக்கறது?"

மறுபடி ஒரு கூட்டம் வண்டிகள் ஷெட்டைத் தாண்டிப் போனது. சத்தம் அடங்கும்வரை அவன் காத்திருந்தான்.

"சமையல்கட்டுல," என்றான்.

மச்சான் தலையாட்டினார், அது தோதுப்படும் என்பதுபோல.