நீலம் பாரித்த பிள்ளை

ஆல்பத்தைப் பிரித்ததுமே குழந்தையின் தாய் முகம் சுளித்தாள். பச்சைக் குழந்தை பக்கத்துக்குப் பக்கம் நீலம் பாரித்துக் கிடந்தால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்?

படங்களுக்கு நிறம் திருத்தியது, போட்டோ ஸ்டூடியோவில் எல்லோரும் கலரக்கா என்று கூப்பிடும் பெண்மணி. பகலில் ஸ்டூடியோ கவுண்டரில் வேலை, சாயங்காலம் வீட்டில் லேப்டாப்பில் திருத்தம் என்று பல வருஷமாக அவள் பிழைப்பு ஓடுகிறது. முதலாளி கத்தவில்லை. கண் டாக்டரைப் பார்க்கச் சொன்னார். நாளைக்குள் படங்கள் சரியாகாவிட்டால் திருத்தும் வேலையை வேறு ஆளிடம் கொடுக்க வேண்டியதுதான் என்றார். அது அவளைச் சுருக்கென்று தைத்தது. கண் போய்விட்டால் அவளிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

அதற்காக மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரும் ஆள் அல்ல அவள். அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஆல்பத்தோடு வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தாள். திரையிலும் பிள்ளை அதே நீலம். திருத்தி முடித்த மாலையில் இதே திரையில் ரோஜா நிறமாக அல்லவா இருந்தது? ஒன்று கண் பொய் சொல்கிறது, இல்லை இந்தப் பெட்டி பொய் சொல்கிறது. எதுவென்று தெரியாமல் எழுந்திருப்பதில்லை என்று முடிவு கட்டினாள்.

வெள்ளைத் தாள் ஒன்றைத் திரையோரம் ஒட்டினாள். திரையிலும் வெறும் வெள்ளையை விரித்தாள். டியூப்லைட்டைப் போட்டுவிட்டுச் சட்டமாக உட்கார்ந்தாள். காப்பி வேண்டுமா என்று கணவர் கேட்டதற்குக்கூடத் திரும்பவில்லை. வெளியே பொழுது சாய்ந்தது. தாள் வெள்ளையாகவே இருந்தது. திரைதான் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகிக்கொண்டே வந்தது.

அப்பாடா என்று அவளுக்கு மூச்சு வந்தது. டிஸ்ப்ளே செட்டிங்கைத் துழாவினாள். பொழுது சாய்ந்ததும் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் தானே வரும்படி யாரோ வைத்திருந்தார்கள். இல்லாத மஞ்சளைத்தான் அவள் பிள்ளையின் கன்னத்திலிருந்து விரட்டி விரட்டி எடுத்திருக்கிறாள்.

"இதை யாரு போட்டது?"

கணவர் தலையைச் சொறிந்தார். "கண்ணு எரியுதுன்னு சொன்னியே. மஞ்ச வெளிச்சம் நல்லதுன்னாங்க, நான்தான் வச்சேன்."

வந்த கோபத்தை முழுசாகக் காட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

"அக்கறை இருந்தா எங்கிட்ட சொல்லிட்டுச் செய்ங்க. இன்னைக்குப் பூரா என் கண்ணையே நான் சந்தேகப்பட்டுட்டேன்."

அவர் காப்பி போட அடுக்களைக்குப் போனார். அவள் பிள்ளையின் படத்தைத் திறந்து நைட் லைட்டை அணைத்தாள். பிள்ளை மறுபடி நீலமானது. முதல் பக்கத்திலிருந்து திருத்தத் தொடங்கினாள்.

காப்பியைப் பக்கத்தில் வைத்துவிட்டு அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "கண்ணு எரியாதா?"

"எரிஞ்சா எரியட்டும். நல்லாத் தெரியுதுல்ல, அது போதும்."