பீனட் பட்டர் பூசிய பம்பர்

நாய் இரண்டு நாளாகப் பம்பரை நக்கிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்தும் ரேலீனுக்குச் சந்தேகம் வரவில்லை என்பதுதான் கொடுமை. பத்தொன்பது வருஷம் கார்த் தொழிற்சாலையில் பம்பருக்குப் பெயிண்ட் அடித்தவள்! கிழட்டு நாய்க்குப் பொழுது போகவில்லை என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே வீட்டு முன் சிமெண்ட் தளத்தில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கினாள். சாலிஸ்பரியில் அக்டோபர் மாதத்தில் பாலைவனத்துப் பக்கமிருந்து வீசும் வடக்குக் காற்றை நம்ப முடியாது. கிளம்பிவிட்டால் ஊர் மண்ணும் ஈயும் ஈரப் பெயிண்டைத் தேடித்தான் வரும். அந்த வெள்ளை ஸ்டேஷன் வேகனின் பம்பர் அடிப்பகுதி, கதவோரப் பட்டைகள், பக்கக் கண்ணாடிக் கூடுகள் எல்லாம் ஒரு காலத்தில் நல்ல கறுப்பு. வெயில் தின்று இப்போது சாம்பல் பூத்துக் கிடந்தன. சோப்புப் போட்டுக் கழுவினாள். உப்புத்தாளால் தேய்த்தாள். வெள்ளைப் பகுதியெல்லாம் மாஸ்கிங் டேப்பும் செய்தித்தாளுமாக மூடினாள். பிளாஸ்டிக்குக்கென்றே வரும் நிறமில்லாத பிரைமரை அடித்துக் காயவிட்டு, பம்பரில் முதல் கோட் கறுப்பு அடித்தாள். இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள்.

பம்பர் முழுக்கக் குழி. அம்மை போட்ட முகம் மாதிரி. ஒவ்வொரு குழிக்குள்ளிருந்தும் பழைய சாம்பல் பிளாஸ்டிக் எட்டிப் பார்த்தது. இதற்குப் பெயிண்ட் கூடத்தில் மீன்கண் என்று பெயர். எண்ணெய்ப் பசை இருந்தால்தான் விழும்.

நாய் மறுபடி நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"டெஸ்! வெளிய வா!"

கணவன் தேநீர்க் கோப்பையோடு வந்து வாசலிலேயே நின்றான்.

"இந்தப் பம்பர்ல என்னத்தப் பூசின?"

"நானா?"

"இல்ல, பக்கத்து வீட்டுப் பூனை."

"பவுல்ஸ் கிளப்புல பந்து உருட்டிக்கிட்டிருந்தப்ப கோலின் சொன்னான். பீனட் பட்டர் வச்சுத் தேச்சா வெளுத்த பிளாஸ்டிக் புதுசாயிடுமாம். உனக்கு வேலை மிச்சமாகட்டுமேன்னு புதன்கிழமை நீ கடைக்குப் போனப்ப..."

"எவ்ளோ பூசின?"

"ஒரு ஜாடி."

"ஒரு ஜாடியா! அடப்பாவி!"

"கடலைத் துண்டு போட்டதுதான். தேச்சுவிட வாகா இருக்கும்னு பாத்தேன்."

"அதுக்கு ரொட்டிக்குத் தடவுற வெஜிமைட்டப் பூசியிருக்கலாம். பெயிண்டே வேணாம், கறுப்பாவே இருந்திருக்கும்!" என்று கத்திவிட்டு ரேலீன் சிமெண்ட் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவன் சிரிக்க வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு முக்கியம். தொழிற்சாலை மூடி ஏழு வருஷமாகிறது. ஒவ்வொரு அக்டோபரிலும் பழைய தொழிலாளிகள் தாங்கள் செய்த கார்களையே ஓட்டிக்கொண்டு, மூடிக் கிடக்கும் தொழிற்சாலையைச் சுற்றி ஒரு வலம் வருவார்கள். ரேலீன் ஒரு தடவைகூடப் போனதில்லை. நெவென்கா அங்கே இருப்பாள் என்பதுதான் காரணம். இந்த வருஷம் போவது என்று முடிவு செய்ததற்குக் காரணமும் அவளேதான். போகிற வயசு இல்லையா! இன்னும் எத்தனை அக்டோபர் கிடைக்கும்? ஆனால் சாம்பல் பூத்த பம்பரோடு நெவென்கா முன்னால் போய் நிற்க முடியுமா? முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பம்பரைத்தான் பார்ப்பாள் அந்த மகராசி.

பெயிண்ட் கூடத்தில் நெவென்காதான் அந்த வரிசைக்குத் தலைவி. குரோஷியாவிலிருந்து கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவள். தினமும் வாசலில் நின்று உள்ளே போகிற ஒவ்வொருத்தி கையையும் மோந்து பார்ப்பாள். கைக்கு க்ரீம் கூடாது, தலைக்கு ஸ்ப்ரே கூடாது, அக்குளுக்கு வாசனை கூடாது. ஒரு துளி பசை உள்ளே போனாலும் நாற்பது பம்பர் பாழ். கல்யாணமான மறுநாள் சென்ட் போட்டுக்கொண்டு வந்த ஒரு பெண்ணைக் குழாயடிக்கு இழுத்துப்போய்க் கழுவிவிட்டவள் அவள். அப்படித் திட்டுவாள், அடுத்த நிமிஷம் வெள்ளை அங்கிக்குள்ளிருந்தபடியே உரக்கப் பாடுவாள். ரேலீன் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம், நடுவில் பம்பர் நகர்ந்து போகும். என்ன நாட்கள் அவை! கை வலித்தது, முதுகு வலித்தது, ஆனாலும் திங்கட்கிழமை எப்போது வரும் என்று இருந்தது.

கடைசி பம்பரை நாம் இரண்டு பேரும்தான் அடிக்க வேண்டும் என்று நெவென்கா சொல்லியிருந்தாள். அந்தக் கடைசி நாளில் ரேலீன் உள்ளே போகவில்லை. நெவென்கா வேறொருத்தியை வைத்து அடித்தாள். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. ஒரு தடவை சூப்பர் மார்க்கெட்டில் எதிரெதிரே வந்துவிட்டபோது, ரேலீன் வாங்க வேண்டியதை விட்டுவிட்டு நாய் உணவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவளக் கேளேன்," என்றான் டெஸ் மெதுவாக.

"அவகிட்டயா? செத்தாலும் மாட்டேன்."

பத்து நிமிஷம் கழித்துப் போனை எடுத்தாள். எண் விரலிலேயே இருந்தது.

"யாரு?"

"நான்தான். ரேலீன்."

அந்தப் பக்கம் ரேடியோ ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. மன்னிப்பு என்று ஆரம்பிக்க நினைத்தவளுக்கு வாயில் வந்தது வேறு. "பம்பர்ல மீன்கண் விழுந்திருச்சு, நெவென்கா."

ரேடியோ நின்றது. "என்ன பசை?"

"பீனட் பட்டர்."

"என்னது?"

"டெஸ் பூசிட்டான்."

"ஒண்ணும் தொடாத. வரேன்."

அரை மணியில் வந்துவிட்டாள். எழுபத்தொரு வயது, இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்த நடை. கையிலிருந்த பையில் ஹேர் டிரையர், பல்துலக்கும் பிரஷ்கள், கிழித்த வெள்ளைப் படுக்கை விரிப்பு. வணக்கமும் இல்லை, நலமும் இல்லை. நேரே ரேலீனிடம் வந்து, "கையக் காட்டு," என்றாள்.

ரேலீன் நீட்டினாள். நெவென்கா மோந்தாள்.

"லாவெண்டர் க்ரீம்! ஏண்டி, அறிவிருக்கா உனக்கு? இந்தக் கையாலயா துடைச்ச?"

"பாத்தியா! நான் மட்டும் இல்ல!" என்று டெஸ் குதித்தான்.

"நீ பேசாத. வாய்க்குப் போடறத வண்டிக்குப் போட்ட ஆளு. நாயப் பிடிச்சுக் கட்டு, வெந்நீர் வை."

ரேலீன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்தாள். அப்புறம் வேலைதான். ஈரக் கறுப்பையெல்லாம் துடைத்தெடுத்தார்கள். சோப்பும் வெந்நீரும் விட்டு, பிளாஸ்டிக்கின் சொரசொரப்புக்குள் பிரஷ் போட்டுத் தேய்த்தார்கள். நெவென்கா ஹேர் டிரையரால் சூடு காட்டக் காட்ட, உள்ளே இறங்கியிருந்த எண்ணெய் வியர்வையாய் மேலே வந்தது. ரேலீன் ஒரு துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, உடனே மறு துணியால் உலர்த்தினாள். சூடு, துடைப்பு, உலர்த்தல். மூன்றாம் சுற்றில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒருத்தி கை எடுக்கும் இடத்தில் மற்றவள் கை வந்தது.

மறுபடி பிரைமர். பிறகு கறுப்பு, பனி விழுகிற மாதிரி மெல்லிசாக. நெவென்கா குனிந்து, மூக்கு உரசுகிற அளவுக்குப் பக்கத்தில் பார்த்தாள். ஒரு குழிகூட இல்லை.

"பத்து நிமிஷம் ஆறட்டும். அப்புறம் ரெண்டாவது கோட்," என்றாள்.

அந்தப் பத்து நிமிஷத்தில்தான் ரேலீனுக்கு வாய் வந்தது. பம்பர் முன் மண்டியிட்டபடியே சொன்னாள்.

"அன்னைக்கு நான் வந்தேன், நெவென்கா. கார் நிறுத்துற இடம் வரைக்கும் வந்தேன். இதே வண்டியில உக்காந்திருந்தேன். இறங்க முடியல. இறங்கி உள்ள வந்தா எல்லாம் முடிஞ்சிரும்னு தோணிச்சு. நீ காத்துக்கிட்டிருப்பேன்னு தெரியும். தெரிஞ்சும் வரல."

நெவென்கா பம்பரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"மூணாவது வரிசை, வேலியோரம். சாப்பாட்டு ரூம் ஜன்னல்லேர்ந்து பாத்தேன். காலைல டீக்குப் போனப்ப பாத்தேன், மதியமும் பாத்தேன். ஸ்டியரிங்க பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்த."

"அப்புறம் ஏன்டி ஒரு வார்த்தை கேக்கல? ஏழு வருஷம்!"

"என்னன்னு கேக்க? நூறு அடி. நான் இறங்கி வந்து கதவத் தட்டியிருக்கலாம். வாடீன்னு கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கலாம். தட்டல." அவள் குரல் கரகரத்தது. "வந்தா நானும் உன்கூட வண்டிக்குள்ள உக்காந்திருப்பேன். கடைசி பம்பர அடிக்க ஆள் இருந்திருக்காது. அதான் ஜன்னலோட நின்னுட்டேன். உன் மூஞ்சில முழிக்க எனக்குத்தான் வெக்கமா இருந்துச்சு."

ரேலீனுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. நெவென்கா பதறிப்போய் அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"பெயிண்ட் இன்னும் காயல. தள்ளிப் போய் அழு."

இரண்டு பேரும் தள்ளிப் போய் அழுதார்கள்.