பங்காளி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் சாரல் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வேதக்கோவிலில் மாசிலாமணி ஐயர் பிரசங்கம் செய்தார். அந்தப் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். குருப்பட்டத்துக்குப் படித்த காலத்தில் கொஞ்சம் கிரேக்கு கற்றவர். அன்றைக்கு ‘கொய்னோனியா’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். தமிழ் வேதத்தில் அதற்கு ‘ஐக்கியம்’ என்று இருந்தது. கேட்கிற சனங்களோ நெல் விதைக்கிறவர்கள். ஐக்கியம் அவர்கள் வாயில் வராத சொல்.

“ஒரே படகில் வலை போடுகிற கூட்டாளிக்கும் அந்தச் சொல்தான், ஒரே அப்பத்தில் பங்கு வாங்குகிறவனுக்கும் அந்தச் சொல்தான். நம்ம பேச்சில் சொன்னால், கிறிஸ்துவுக்குள் நாமெல்லாரும் பங்காளிகள்” என்றார்.

கோவில் முழுக்கச் சிரித்தது.

சற்றுப் பொறுத்துத்தான் அவருக்கு விளங்கிற்று. வலப்புறம் நல்லக்கண்ணு, இடப்புறம் சுந்தரபாண்டியன். அண்ணன் தம்பி பிள்ளைகள். வாய்க்கால் தண்ணீருக்காக முன்சீப் கோர்ட்டில் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். பங்காளி என்றால் அந்த ஊரில் முகத்தில் விழிக்கக்கூடாதவன் என்று அர்த்தம்.

ஆராதனை முடிந்ததும் இருவரையும் கூப்பிட்டு, “வழக்க விட்டுட்டு வந்தாத்தான் இனி நற்கருணை” என்றார் ஐயர்.

நல்லக்கண்ணு கோபப்படவில்லை. “சரி ஐயரே. நீங்க உங்க பங்காளி வீட்டு வாசல மிதிச்சு எத்தன வருசமாச்சு?”

ஊருக்கே தெரிந்த கதை அது. ஐயர் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த பிறகு தகப்பனார் இறந்தார். உடலைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க வா என்று அண்ணன் மந்திரமூர்த்தி கூப்பிட்டதற்கு, “அது எனக்கு ஆகாது” என்று தெருவிலேயே நின்றுவிட்டார். “அப்ப இந்த வாசலும் உனக்கு ஆகாது” என்றார் அண்ணன். அதோடு சரி.

மறுநாள் காலையில் ஐயர் குற்றாலத்துக்கு வண்டி ஏறினார். மந்திரமூர்த்தி பேரருவிக்குப் போகிற பாதையில், குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு.

“என்ன காரியமா வந்தே?”

“உங்களப் பாக்கத்தான்.”

“என்னையும் வேதத்துல சேக்கவா?”

“இல்லண்ணே. அப்பா செத்த அன்னைக்கு நான் தெருவுல நின்னிருக்கக் கூடாது. நீர்மாலைக்கு வராட்டாலும் உள்ள வந்து உங்க பக்கத்துல உக்காந்திருக்கணும்.”

மந்திரமூர்த்தி வந்த ஆளுக்கு எண்ணெய் அளந்தார். இன்னொருவன் வந்தான். அவனுக்கும் அளந்தார். ஐயர் நனைந்துகொண்டே நின்றார். கடைசியில் மதினி பார்வதியம்மாள் எட்டிப் பார்த்து, “சோறு ஆயிட்டுது. கொழுந்தனும் சாப்பிடட்டும்” என்றாள்.

“வெளிய போடு” என்றார் அண்ணன். எல்லாச் சாதி வீட்டிலும் கை நனைக்கிறவருக்கு உள்ளே இலை கிடையாது.

கடையோரச் சார்ப்பின் கீழ் இலை விழுந்தது. ஐயருக்குச் சுருக்கென்றது. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தார். பிறகு மனதுக்குள் செபித்துவிட்டுச் சோற்றில் கை வைத்தார்.

உள்ளே அண்ணன் தன் இலைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் இலையைச் சோற்றோடு ஏந்திக்கொண்டு வெளியே வந்து எதிரே அமர்ந்தார்.

“உள்ள ஒரே புழுக்கம்” என்றார். மலையிலிருந்து குளிர்காற்றும் சாரலுமாக அடித்துக்கொண்டிருந்தது.

“கொழம்புக்கு உப்பு காணாது.”

“காணும்ணே” என்றார் ஐயர். இருவரும் சாப்பிட்டு எழுந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நல்லக்கண்ணுவே வந்து கேட்டார். “போனியளாமே. உள்ள விட்டாரா?”

“விடல. அவரு வெளிய வந்தாரு.”

நல்லக்கண்ணு தலையை ஆட்டிக்கொண்டு போனார். வழக்கு உடனே ஒன்றும் நின்றுவிடவில்லை. ஆனால் அந்த நடவில் சுந்தரபாண்டியன் தன் தண்ணீர் முறை முடியுமுன்பே மடையை நல்லக்கண்ணு வயலுக்குத் திருப்பிவிட்டார். மனைவி வடிவம்மாள் சொல்லித்தான் செய்தார் என்று பேச்சு. ஐப்பசியில் இருவரும் ஒரே வண்டியில் தென்காசிக்குப் போய் வழக்கை வாபஸ் வாங்கினார்கள்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் நற்கருணைக்கு இருவருமே வந்தார்கள். நடுவில் ஓர் ஆள் இடம் விட்டுத்தான் முழங்காற்படியிட்டார்கள். ஐயர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. கிண்ணத்தை ஒருவர் உதட்டிலிருந்து எடுத்து மற்றவருக்குக் கொடுத்தார்.