மேகத்துக்குள் திறந்த குழாய்

மேகத்துக்குப் பனி கொட்டத் தெரியாது என்று நினைக்காதீர்கள். தெரியும், சோம்பேறித்தனம். பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல், வெறும் நீராகவே மலையில் ஏறி மறுபக்கம் இறங்கிப் போய்விடும். அதைத் தட்டி எழுப்புவதுதான் அமெரிக்காவின் இடாஹோ மலைகளில் டுவைட்டுக்கும் எனக்கும் குளிர்காலம் முழுக்க வேலை.

அந்த மார்ச் மாதம் எங்களைவிட, அடிவாரத்தில் ஆடு வளர்க்கும் மைட்டே உருட்டியாதான் மேகத்தை அதிகம் பார்த்துக்கொண்டிருந்தார். மலையில் பனி சேர்ந்தால்தான் கோடையில் அவர் ஓடையில் தண்ணீர் வரும். அந்த வருடம் சேரவில்லை. ஆட்டு மந்தை முழுவதையும் விற்றுவிட லாரிக்குச் சொல்லியிருந்தார்.

லாரி வருவதற்கு முந்தின நாள் காலையில் முகட்டில் மேகம் வந்து உட்கார்ந்தது.

"அயோடைடை எரிச்சிடலாம். உக்காந்த இடத்துல பட்டனை அமுக்கினா வேலை முடிஞ்சுது," என்றான் டுவைட்.

பள்ளத்தாக்கில் நிற்கும் எங்கள் அடுப்பு, வெள்ளி அயோடைடை எரித்துப் புகையாக மேலே அனுப்பும். நல்ல பொருள்தான். ஆனால் மேகம் நன்றாகக் குளிர்ந்திருந்தால்தான் அந்தத் துகளில் பனி பிடிக்கும்.

"மேகம் மைனஸ் மூணு டிகிரிதான். இதுல அதை எரிக்கிறதுக்கு, சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்தலாம்," என்றேன்.

"அப்ப புரொப்பேனா? சிலிண்டரை உங்கப்பனா தூக்குவான்?"

"மைட்டேகிட்ட பனிவண்டி இருக்கு."

திரவ புரொப்பேன் குழாயை விட்டுப் பீறிடும்போது சுற்றியுள்ள காற்றையே உறைய வைத்துவிடும். மேகம் லேசாகக் குளிர்ந்திருந்தாலே போதும். ஆனால் குழாய் மேகத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். அதனால்தான் போன மாதம் முகட்டின் உச்சியிலேயே வைத்தோம். பனி பிறந்து, வளர்ந்து, விழுவதற்குள் காற்று அதை மறுபக்கம் கொண்டுபோய்விட்டது. அந்தப் பக்கத்து ஓடை மைட்டேயின் கொழுந்தன் ஹோசெபாவுடையது. இருவருக்கும் பல வருடமாகப் பேச்சில்லை.

சிலிண்டர்களை ஏற்றும்போதே மைட்டே ஆரம்பித்துவிட்டார். "இந்தத் தடவையும் அவனுக்கே ஊத்தப் போறீங்களா? இப்பவே சொல்லிடுங்க, நான் போய் சூப்பு வெக்கிறேன்."

"இல்லை. காத்து வர்ற பக்கம், இன்னும் கீழ தள்ளி வைக்கிறோம்."

"அங்க மேகம் இருக்கா?"

"மெல்லிசா இருக்கு," என்றேன். அதுதான் என் பயமும்.

மலைச்சரிவில் இடம் பிடித்ததும் பனிச்சறுக்குத் தடியைக் காற்றில் நீட்டினேன். உறையாத நீர் இருந்தால் தடியில் காற்று மோதும் பக்கம் வெள்ளைப் பொருக்கு படியும். எதுவும் படியவில்லை. டுவைட் வேறு பக்கம் பார்த்தான். மைட்டேயால் அங்கே நிற்க முடியவில்லை. ரேடியோவை எடுத்துக்கொண்டு, பனிவண்டியில் தன் ஓடை பிறக்கும் இடத்துக்குப் போய்விட்டார்.

காத்திருந்தோம். மேகம் மெல்ல இறங்கி எங்களை மூடியது. தடி வெளுத்தது. நான் வால்வைத் திறந்தேன்.

ஒரு சீறல், குழாய் முனையில் வெள்ளை மூச்சு. முதலில் அவ்வளவுதான். பிறகு காற்று போகும் திசையில் மேகம் மாறத் தொடங்கியது. சாம்பல் நிறத்துக்கு நடுவே ஒரு பாதை மெலிந்துகொண்டே போனது. பாதை முழுக்க, பனியாக மாறிய மேகத்து நீர் கண்ணாடித்தூள் போல மினுமினுத்தது. இரண்டு பக்கமும் மேகம் அப்படியே நிற்க, நடுவில் மட்டும் நீல வானம் திறந்து வெயில் இறங்கியது. எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், ஒரு முறைகூட உடம்பு சிலிர்க்காமல் இருந்ததில்லை. இது ஏன் நடக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, வாய் பிளந்துதான் நின்றேன். டுவைட் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

ரேடியோ கரகரத்தது. "கோல்பி, இங்க விழுது."

ரேடியோவைக் காதோடு அழுத்தினேன்.

"என் கை மேல விழுது. சுத்தி எங்கயும் இல்ல, இங்க மட்டும்." குரல் உடைந்தது. "லாரிக்காரனுக்குப் போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"மைட்டே, அவசரப்படாதீங்க. இது ஒரு மேகம். நாங்க கூடுதலா விழ வைக்கிற பனி கொஞ்சம்தான்."

"தெரியும்டா, எனக்கும் கண்ணு இருக்கு. அந்தக் கொஞ்சம் இன்னைக்கு என் பக்கம் விழுதுல்ல? குழாயை மூடிடாத."

சிலிண்டர் தீரும் நேரம். திரும்பிப் பார்த்தேன். முழங்கால் பனியில் அடுத்த சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு டுவைட் வந்துகொண்டிருந்தான்.