பச்சைப் பொத்தான்

என் மாமனார் திடீரென்று நல்லவராக மாறியபோது எனக்குச் சந்தேகம் வந்தது.

அதற்கு முன் கெட்டவர் என்று அர்த்தமில்லை. காலையில் டிவியை அடுத்த தெரு வரை கேட்கிற மாதிரி வைப்பார். நான் கொடுக்கிற டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "சக்கரை போட்டியாம்மா, இல்ல டப்பாவைத் திறந்து காட்டினியா?" என்பார். சோபா முழுக்கக் காலை நீட்டிக்கொண்டு, பெற்ற மகனை உட்கார இடமில்லாமல் நிற்கவைப்பார். வாழ்நாள் முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களை வெளியிலிருந்து சத்தம் போட்டே அமைதிப்படுத்தியவர். அவர்தான் ஓய்வு பெற்றார், அந்தக் குரல் ஓய்வு பெறவில்லை.

அப்படிப்பட்ட மனிதர் டிவியைத் தனக்கே கேட்காத அளவுக்குக் குறைத்து வைத்தார். டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்தார். டீ எப்படி இருக்கிறது என்று நானாகப் போய்க் கேட்டதற்கு, "நல்லா இருக்கும்மா, உனக்கு எதுக்குச் சிரமம்" என்றார். அன்று நான் சர்க்கரையே போடவில்லை. மறந்துவிட்டேன். விருந்தாளிகள்தான் இப்படிப் பேசுவார்கள்.

காரணம் சனிக்கிழமை மத்தியானம் கண்ணில் பட்டது. எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் பொதுவாக ஒரே டேப்லெட். மாமா அதில் செஸ் ஆடுவார், இவர், அதாவது என் கணவர், மேட்ச் ஸ்கோர் பார்ப்பார், நான் சமையல் குறிப்பு தேடுவேன். வெங்காயத்தை அடுப்பில் போட்டுவிட்டுக் குறிப்பைத் திறந்தால், எண்ணெய் அளவுக்கும் உப்பு அளவுக்கும் நடுவில் ஒரு நரைத்த தம்பதி தோட்டத்தில் நின்று சிரித்தது. 'உங்கள் பெற்றோருக்கு ஓர் அன்பான இல்லம். அறை பார்க்க இன்றே அழையுங்கள்.' வானிலைப் பக்கத்துக்குப் போனேன். அங்கேயும் அதே தம்பதி, அதே சிரிப்பு.

வேறு யாராக இருந்தாலும் ஏதோ விளம்பரம் என்று தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். என் பிழைப்பே இணையதளம் கட்டுவது. ஒரு தளத்துக்குப் போனால் அது நம் பிரவுசரில் குக்கீ என்று ஒரு சின்னக் குறிப்பை விட்டுவைக்கும். மறுபடி போகும்போது நம்மை அடையாளம் கண்டுகொள்ளவும், பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்காமல் இருக்கவும் அது வேண்டும். அதுவரை சமத்துதான். ஆனால் பல தளங்களில் விளம்பரக் கம்பெனிகளும் கூடவே நுழைந்து தங்கள் குக்கீயையும் வைத்துவிடும். அப்புறம் நாம் எந்தப் பக்கம் போனாலும், அங்கே அதே கம்பெனி உட்கார்ந்திருந்தால், 'அட, முதியோர் இல்லம் பார்த்த ஆள்தானே இது' என்று ஆரம்பித்துவிடும். ஆகவே அந்தத் தம்பதி தானாக வரவில்லை. இந்த வீட்டில் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள்.

நான் கூப்பிடவில்லை. அப்படியென்றால் இவர்தான்.

எனக்கு வந்த கோபத்தில் வெங்காயம் கருகியது. யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. கொஞ்ச நாளாக இவர் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பழைய கதை கேட்கிறார். புதுசாகச் செருப்பு வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறார். மனசு உறுத்தாமல் யாராவது செருப்பு வாங்குவார்களா? துணி காயப்போடுகிற சாக்கில் பால்கனிக்குக் கூப்பிட்டு, குரலை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

"உங்க அப்பாவை எங்க அனுப்பப் போறீங்க?"

இவர் ஈரச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "இதை எப்படி உன்கிட்ட கேக்குறதுன்னுதான் நான் தவிச்சுக்கிட்டு இருக்கேன்."

இவரும் ஸ்கோருக்கு நடுவில் அந்தத் தம்பதியைப் பார்த்திருக்கிறார். நான்தான் தேடுகிறேன் என்று நினைத்து, அப்பா மனசு விட்டுப்போகக் கூடாதே என்று செருப்பு வாங்கியிருக்கிறார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தி என்னை இவ்வளவுதான் தெரிந்துகொண்டீர்களா என்று பாய்ந்தேன். நீ மட்டும் என்னவாம் என்றார் இவர். நியாயம்தான்.

மூன்று பேர் இருக்கிற வீட்டில் இரண்டு பேர் இல்லையென்றால் மிச்சம் யார் என்று சொல்லக் கணக்கு வாத்தியார் தேவையில்லை. "அப்பாவே போயிடலாம்னு பாக்குறாரா?" என்று கேட்டபோது இவர் முகம் வாடிவிட்டது. அவர் போக நினைக்கிற அளவுக்கு நாங்கள் என்ன செய்தோம்?

மாமாவின் அறைக்குப் போனேன். கட்டிலில் பெட்டி திறந்து கிடந்தது. பாதிச் சட்டைகள் மடித்து உள்ளே போயிருந்தன. மேஜைமேல், யாரையும் தொடவிடாத அவருடைய ஸ்க்ரூடிரைவர் செட். என்னைப் பார்த்ததும் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டினார்.

"இதை நீயே வச்சுக்கம்மா. அவன்கிட்ட குடுத்தா பெயிண்ட் டப்பா திறப்பான்."

"எங்க மாமா கிளம்புறீங்க?"

அந்த இல்லத்துக்குப் போன் பண்ணிவிட்டாராம். மறுநாள் காலையில் அறை பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்களாம். சட்டை மடிப்பதை நிறுத்தாமல், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"எதைத் திறந்தாலும் அந்த இடம்தான் வருது. பெத்தவங்களுக்குன்னு போட்டிருக்கு, அப்ப அவன்தானே தேடுறான்? வாய்விட்டுச் சொல்ல முடியாம செருப்பெல்லாம் வாங்கிக் குடுக்குறான். நானே கிளம்பிட்டா உங்களுக்குச் சங்கடம் இல்ல பாரு."

அந்தப் பாழாய்ப்போன செருப்பு! வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, விளம்பரம் வர ஆரம்பிக்கிறதுக்கு முன்னால் அவர் அந்த மாதிரி எதையாவது திறந்து பார்த்தாரா என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்கு?" என்றவர் நிறுத்தினார். "மீசைக்காரனுக்காகப் பார்த்தேன்."

மீசைக்காரர் கீழ்வீட்டில் தனியாக இருக்கிற முடிதிருத்துபவர், மாமாவின் செஸ் கூட்டாளி. விரல் பட்டால் உடைந்துவிடும் என்று டேப்லெட்டைத் தொடவே மாட்டார். அப்படிப்பட்ட இடமெல்லாம் எப்படி இருக்கும், பார்த்துச் சொல்லேன் என்று மாமாவைக் கேட்டிருக்கிறார்.

"உள்ள போனதும் திரையில ஒரு பெட்டி வந்துச்சு. குக்கீ அது இதுன்னு என்னமோ எழுதியிருந்துச்சு. பச்சையா பெருசா ஒரு பொத்தான். அமுக்கினேன். அமுக்கினாதானே போய்த் தொலையும்?"

நான் தினமும் செய்கிற பெட்டி அது. 'எல்லாம் சம்மதம்' என்பதைப் பச்சையாகப் பெரிதாகப் போடு, 'நானே தேர்ந்தெடுக்கிறேன்' என்பதைச் சாம்பல் நிறத்தில் பொடியாகப் போடு என்றுதான் வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். நானும் போட்டுக்கொடுப்பேன். மாமாவுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். பழுதான லிஃப்ட் சத்தத்தைக் கேட்கிற மாதிரி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப நான் அமுக்கினதுதான் என்னையே துரத்துதா?"

"ஆமா மாமா."

"அவன் தேடவே இல்ல?"

"இல்ல."

"நீயும்?"

"எனக்குக் கோபம் வந்தா மூஞ்சிக்கு நேரா சொல்றவ மாமா. விளம்பரம் குடுத்தா சொல்லுவேன்?"

சிரித்தார். சிரித்துக்கொண்டே பெட்டியில் மேலாக இருந்த சட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசலில் நின்ற இவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பெட்டியிலிருந்த சட்டைகளை அள்ளி அலமாரியில் திணித்தார்.

பிறகு மூன்று பேரும் கட்டிலில் நெருக்கியடித்து உட்கார்ந்து டேப்லெட்டைத் திறந்தோம். பிரவுசரின் அமைப்புகளுக்குள் போனால், எந்தெந்தத் தளம் எதை வைத்துவிட்டுப் போயிருக்கிறது என்று வரிசையாக வரும். ஒன்றுவிடாமல் அழித்துவிடு என்றார் மாமா. அழித்தால் செஸ் தளமும் அவரை மறந்துவிடும், மறுபடி பாஸ்வேர்ட் கேட்கும் என்றதும் பதறிப்போய், பார்த்து அழி என்றார். இல்லத்துடையதையும் விளம்பரக் கம்பெனிகளுடையதையும் மட்டும் எடுத்தோம். இனி வெளிக் கம்பெனிகள் குக்கீ வைக்க முடியாதபடி ஒரு ஸ்விட்சையும் போட்டேன். இல்லத்தின் தளத்தை மறுபடி திறந்தால், எங்களை முன்பின் பார்த்திராத மாதிரி அதே பெட்டி வந்து நின்றது. மாமா டேப்லெட்டைக் கை நீட்டிப் பிடித்து, பொடி எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அவசியமானதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்தார்.

"லிஃப்ட்ல கதவு மூடுற பொத்தான் பல இடத்துல சும்மா பேருக்குத்தான் இருக்கும். இது நிஜமா வேலை செய்யுமா?"

பெரும்பாலும் செய்யும், செய்யாவிட்டால் அவ்வப்போது அழித்துவிடலாம் என்றேன். விளம்பரம் அப்போதும் வரும், ஆனால் அவர் யார் என்று தெரிந்துகொண்டு வராது. இனி ஆளுக்கொரு கணக்கு போட்டுக்கொள்ளலாமே என்று இவர் கேட்டார். வேண்டாம் என்றார் மாமா. "ஒண்ணாவே இருக்கட்டும். ஏதாவது வந்தா இனிமே நேராக் கேட்டுக்கலாம்." அப்புறம் இல்லத்துக்குப் போன் பண்ணி, நாளைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை டிவிதான் எங்களை எழுப்பியது. தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு, கொஞ்சம் குறைக்கச் சொல்லேன் என்று கெஞ்சினார் இவர். தைரியம் இருந்தால் நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்று எழுந்து போனேன்.

மாமா புதுச் செருப்போடு சோபாவில் காலை நீட்டியிருந்தார். டீயை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"சக்கரை போட்டியாம்மா, இல்ல டப்பாவைத் திறந்து காட்டினியா?"

வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடவே போட்டிருந்தேன். "காட்டினேன் மாமா" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனேன். அந்த டிவி சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் நன்றாக அழுதேன்.